தூங்கிக்கிட்டுத்தான் இருந்தா

அந்தச் சீட்டு வேணாம் டீச்சர். காலியாத்தான் இருக்கு, ஆனா அது ஹாமுதுருமாருக்கு ஒதுக்கினது. மேல எழுதியிருக்கு பாருங்க. வழியில பௌத்தச் சாமி யாராச்சும் ஏறினா கண்டக்டர் உங்கள எழுப்பிருவான். அப்பறம் வெல்லவாய வரைக்கும் நின்னுக்கிட்டுத்தான் போகணும். இங்க வாங்க, நான் ஒடுங்கிக்கிறேன்.

கையில புள்ளைங்க கொப்பிக் கட்டப் பாத்ததுமே டீச்சர்னு தெரிஞ்சு போச்சு. நாளைக்குப் பௌர்ணமி, போயா லீவு, வீட்டுக்குப் போறீங்க போல. நல்லது.

என்னையச் சிங்கள ஆளுன்னு நெனச்சீங்கல்ல? எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்கிறாங்க. வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, கையில தானத்துக்குப் பை. நான் தமிழ் ஆளுதாங்க. பசறைப் பக்கம் தோட்டம். பேரு மருதை. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுன கை இது. இப்ப முடியல, நிறுத்திட்டேன்.

என் மகன் ஹாமுதுரு. ஆமா, பெத்த மகன்தான். வீட்டுல யோகன்னு கூப்பிடுவோம். இப்ப விமலஞான ஹாமுதுரு. இப்ப அவர்னுதான் சொல்லணும். பழக்கத்துல அவன் இவன்னு வாயில வந்துரும், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க.

எப்பிடி அந்தப் பக்கம் போனாருன்னுதானே கேக்குறீங்க? எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. எங்க சனம் கேக்கவே இல்ல, நேரா ஏசிருச்சு. புள்ளையச் சிங்களவனுக்குக் குடுத்துட்டான்னு. கோயில் திருவிழாவுக்கு எங்கிட்ட வரி வாங்குறத நிறுத்திட்டாங்க. நான் எதையும் மனசுல வச்சுக்கல. மனசுல வச்சுக்கிட்டா நமக்குத்தான் துக்கம். இதெல்லாம் பன்சலையில, அவங்க விகாரையில, கேட்டுக் கேட்டு எனக்கு அத்துப்படி.

எங்க தோட்டத்துல மலை சரிஞ்சுச்சே, கேள்விப்பட்டிருப்பீங்க. பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. அப்ப நீங்க சின்னப் புள்ளையா இருந்திருப்பீங்க. ஐப்பசி மழை. விடிய விடியப் பேஞ்சு விட்டிருந்த நேரம். செவனம்மா, என் சம்சாரம், கொழுந்தெடுக்க மலைக்குப் போயிட்டா. நான் பேர் குடுக்கப் பிரட்டுக்களத்துக்குப் போனேன், எங்களுக்கு அன்னைக்கு வேலை இல்லன்னுட்டாங்க. மகள் தர்சினிக்குக் காய்ச்சல், ஸ்கூலுக்குப் போகல, படுத்திருந்துச்சு. பத்தாம் வகுப்பு. யோகன் சின்னவன். அவனக் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கக் கடைக்கு அனுப்பியிருக்கு அவுக அக்கா. அதனால தப்பிச்சான்.

சத்தம் கேட்டு நான் ஓடி வந்தா எங்க வீட்டு வரிசை, அந்த லயம், இல்ல டீச்சர். லயம் இருந்த எடத்துல மண்ணு. தேயிலைச் செடியெல்லாம் அப்பிடியே நின்னபடி எறங்கி வந்து நிக்குது. இவன் அந்த மண்ணு மேல முட்டி போட்டுக்கிட்டு ரெண்டு கையாலயும் தோண்டுறான், நெகமெல்லாம் பேந்து ரத்தம். பாண் ஒரு பக்கம் கெடக்கு. "அப்பா, அக்கா கூப்பிடுது"ன்னான்.

எனக்கு ஒண்ணும் கேக்கல. மழை திரும்பவும் புடிச்சுக்கிச்சு. மேல இருந்து கல்லு உருண்டு வருது. "அப்பா, இங்கதான், இங்கதான்"ங்குறான். தர்சினி குரல் எப்பவுமே மெலிசு டீச்சர். அதுல காய்ச்சல் வேற. அந்த மழையில அது யாருக்குக் கேக்கும்? நான் அவனத் தூக்கிக்கிட்டு ஓடிட்டேன். கையக் கடிச்சான். இந்தா, இந்தத் தழும்பு அதுதான். நாங்க கோயில் மேட்டுக்கு ஏறுறதுக்குள்ள மறுபடியும் மலை எறங்கிருச்சு. நின்னிருந்தா நாங்க ரெண்டு பேரும் போயிருப்போம். நீங்களே சொல்லுங்க, ஒரு தகப்பன் வேற என்ன செய்வான்?

செவனம்மா மலையில இருந்து ஓடி வந்தா. தலையில கூடைக் கயிறு அப்பிடியே இருக்கு, கூடையக் காணோம். "புள்ள எங்க?"ன்னு கேட்டா. ஒரே கேள்விதான். நான் சொன்னேன், "தூங்கிக்கிட்டுத்தான் இருந்தா. அவளுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. தூக்கத்துலயே போயிட்டா."

அத அவ புடிச்சுக்கிட்டா டீச்சர். துக்கம் விசாரிக்க வந்தவங்க எல்லாருகிட்டயும் அதையே சொன்னா. தூங்கிக்கிட்டுத்தான் இருந்தாளாம், காய்ச்சல் மாத்திரை போட்டிருந்தாளாம், ஒண்ணுமே தெரியலையாம். சொல்லச் சொல்ல அவளுக்கு மூச்சு வந்துச்சு. ஒரு பொண்டாட்டிய உசிரோட வச்சிருக்க ஒரு வார்த்தை போதும்னா அதச் சொல்றதுல என்ன தப்பு?

பையன்கிட்டயும் சொல்லி வச்சேன். தனியாக் கூப்பிட்டு, "அக்கா கூப்பிட்டுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிராத. சொன்னா அம்மா செத்துப் போயிரும்"னேன். தலைய ஆட்டினான். அதோட சரி. பேச்சு நின்னுருச்சு. ஒரு வார்த்தை இல்ல. பயந்த கோளாறுன்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரியிலயும் அப்பிடித்தான் சொன்னாங்க.

மிலிட்டரி வந்துச்சு, மெஷின் வந்துச்சு, தோண்டினாங்க. சில பேரு கெடச்சாங்க. எங்க புள்ள கெடைக்கல. இனித் தோண்ட ஏலாது, மலை இன்னும் அசையுதுன்னு நிறுத்திட்டாங்க. அந்த எடத்தையே சவக்காலையா நெனச்சுக்கிடச் சொல்லிட்டாங்க.

எங்களையெல்லாம் கொண்டு போயி கீழ இருந்த பன்சலை மண்டபத்துல வச்சாங்க. ஸ்கூல்ல எடம் பத்தல. அந்தப் பன்சலையில வயசான ஒரு ஹாமுதுரு இருந்தார். லொக்கு ஹாமுதுருன்னு சொல்லுவாங்க, பெரியவருன்னு அர்த்தம். தங்கமான மனுசன். எங்க சனத்துக்குத் தன் கையால சோறு போட்டார். கொச்சைத் தமிழ் பேசுவார்.

ஒரு நாள் எங்க பக்கத்துல வந்து உக்காந்து சொன்னார். "துக்கம்னு நாங்க சொல்றோம். உங்க பாஷையிலயும் அதே சொல்லுதானே?" ஆமாங்கன்னு சொன்னேன். எங்ககிட்ட அது சாவு வீட்டுச் சொல்லு சாமி, துக்க வீடும்போம், துக்கம் விசாரிக்கப் போவோம்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே, "எங்களுக்குப் புள்ள பொறந்த வீடும் அதேதான்"னார். "பொறக்குறது துக்கம், மூப்பு வர்றது துக்கம், பிரியமானவங்கள விட்டுப் பிரியிறது துக்கம். இது முதல் உண்மை. இத உண்மைன்னு ஒத்துக்கிட்டாத்தான் அடுத்த உண்மைக்குப் போக முடியும். ஒத்துக்காம சுத்திப் போறதுக்கு வழி இல்ல"ன்னார்.

எனக்கு அது அப்பிடியே உள்ள எறங்கிருச்சு டீச்சர். செவனம்மாவுக்கு ஏறல. "எம் புள்ள தூங்கிக்கிட்டுத்தான் இருந்தா சாமி"ன்னு அவருகிட்டயும் சொன்னா.

பையன் அவர் பின்னாடியே திரிஞ்சான். காலையில பூப் பறிச்சுக் குடுக்குறது, முத்தம் கூட்டுறது. ஒரு நாள் திடீர்னு பேசினான். தமிழ்ல இல்ல, சிங்களத்துல. ஸ்கூல்ல கொஞ்சம் படிச்சதுதான். அவர்கிட்ட என்ன கேட்டான் தெரியுமா? "இங்க யாரும் பொய் சொல்லக் கூடாதா?"ன்னு. சின்னப் புள்ளைக்கு என்ன கேள்வி பாருங்க. அவர், "இங்க மட்டுமில்ல, எங்கயும்தான்"னார். "ஆனா எங்களுக்கு அது சத்தியம் பண்ணிக்கிட்ட கட்டளை. உசிரு போனாலும் சொல்றதில்ல"ன்னார். அப்பறம் ரெண்டு நாளுல, எனக்கு இங்கயே இருக்கணும்னு நின்னுட்டான்.

நான் யோசிச்சேன். லயம் இல்ல, துணி இல்ல, அடுத்த வேளை எங்கன்னு தெரியாது. அங்க சோறு, படிப்பு. நல்ல மனுசன் நெழலு. சரின்னுட்டேன். செவனம்மாகிட்ட, "படிப்புக்குத்தான் விடுறோம். சாதாரண தரப் பரீட்சை எழுதினதும் வந்துருவான்"னு சொன்னேன். அவளும் நம்பினா. அது பொய்னு சொல்ல முடியாது டீச்சர். அப்பிடி வந்த புள்ளைகளும் இருக்காங்க.

தலைய மழிச்சு, காவி உடுத்தி வெளிய கூட்டிக்கிட்டு வந்தாங்க. அந்தச் சடங்குல பெத்தவங்க புள்ளையக் கும்பிடணும். எவ்வளவு பெரிய தத்துவம் அது. நான் விழுந்து கும்பிட்டேன். இவ நின்னுக்கிட்டே இருக்கா. "எம் புள்ளைய நான் எதுக்குக் கும்பிடணும்?"ங்குறா. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வந்திருக்காங்க, வெள்ளை உடுத்திக்கிட்டு எல்லாரும் பாக்குறாங்க. நான் அவ பிடரியப் புடிச்சுக் குனிய வச்சேன். மெதுவாத்தான்.

அதுக்கப்பறம் வருசம் ஓடிருச்சு. கவர்மென்டுல சின்னதா வீடு கட்டிக் குடுத்தாங்க. நான் போயாவுக்குப் போயா பன்சலைக்குப் போவேன். அஞ்சு சீலமும் சொல்லுவேன். உசிரக் கொல்ல மாட்டேன், களவெடுக்க மாட்டேன், தப்பான வழியில போக மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன், குடிக்க மாட்டேன். பாளியில மனப்பாடம். கடை முதலாளியெல்லாம் என்னைய, "ஹாமுதுருவோட தாத்தா"ன்னுதான் கூப்பிடுவார். சிங்களத்துல தாத்தான்னா அப்பா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மகனும் அப்பிடித்தான் கூப்பிட ஆரம்பிச்சார். முதல் தடவ கேட்டப்ப செவனம்மா, "என்ன, உங்கள ஒரே நாள்ல கெழவனாக்கிட்டான்"னா. அவ தமாசு பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

அவளும் வருவா மொதல்ல. தேங்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கிட்டு வருவா, அவனுக்குப் பிரியம். ஒருக்கா பஸ் லேட்டாகி மத்தியானம் தாண்டிப் போயிட்டோம். மத்தியானத்துக்கு மேல அவங்க சாப்பிட மாட்டாங்க. "உபாசிகா அம்மா, இத வெளிய இருக்கிறவங்களுக்குக் குடுத்துருங்க"ன்னார். சரியாத்தான் சொன்னார். வர்ற பொம்பளை எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடணும். இவ அந்த ரொட்டிய மடியில வச்சுக்கிட்டே வீடு வரைக்கும் வந்தா. பிறகு வர்றத நிறுத்திட்டா. பரீட்சை முடிஞ்சுச்சான்னு மட்டும் கேப்பா. இன்னும் பெரிய பரீட்சை இருக்குன்னு சொல்லுவேன். பிறகு அதையும் கேக்குறத விட்டுட்டா.

நான் அவளுக்கு எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். துக்கத்துக்குக் காரணம் ஆசை, பற்று. நீ புடிச்சுக்கிட்டு இருக்க, அதான் உனக்கு எரியுது, விட்டுரு. ராத்திரி சோறு திங்கும்போதெல்லாம் சொல்லுவேன். ஒரு நாள் தட்ட வச்சுட்டு, "துக்கம்னா என்னன்னு எனக்குப் பாடம் எடுக்குறீங்களா?"ன்னு கேட்டா. கோவமாக் கூடக் கேக்கல. அவளுக்கு ஞானம் அவ்வளவுதான்.

போன வருசம் அவளுக்கு வயித்துல கட்டின்னாங்க. பாத்தப்பவே முத்திப் போயிருந்துச்சு. பெரியாஸ்பத்திரியில வச்சிருந்தோம். ஒரு நாள், "அவன வரச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணு கேக்கணும்"னா. என்ன கேக்கணும்னேன். "தர்சினியப் பத்தி. அவன்தானே மொதல்ல வந்தான்"னா.

இத்தனை வருசம் இல்லாத கேள்வி. சாகப் போறப்ப எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல.

பன்சலைக்குப் போனேன். லொக்கு ஹாமுதுரு அப்ப தவறிப் போயிருந்தார். மகன் தனியா முத்தத்துல எலை கூட்டிக்கிட்டு இருந்தார். கும்பிட்டுட்டு விசயத்தச் சொன்னேன். வர்றேன்னார். அப்பறம் நான் சொன்னேன், "சாமி, அவ தர்சினியப் பத்திக் கேப்பா. தூங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

அவருக்குத் தமிழ் திக்குது. சிங்களமும் தமிழுமா, "எனக்குச் சத்தம் கேட்டுச்சே தாத்தா"ன்னார்.

"அது தெரியும் சாமி. ஆனா அவ சாகக் கெடக்கா."

"பொய் சொல்ல முடியாது."

"இது பொய் இல்ல, மருந்து. வலிக்கு ஊசி போடுறாங்கல்ல, அது மாதிரி."

அவர் கூட்டுறத நிறுத்தினார். "அந்த மருந்த நீங்க எனக்கும் குடுத்தீங்க"ன்னார். அது என்ன பேச்சுன்னு எனக்கு வெளங்கல. "அம்மா கேக்கலன்னா நான் சொல்ல மாட்டேன். கேட்டா உண்மையச் சொல்லுவேன்"னார். அவ்வளவுதான். நான் காலப் புடிச்சேன். கால எடுத்துக்கிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு வந்தார். வார்டே எந்திரிச்சிருச்சு டீச்சர். நோயாளிங்க எல்லாம் படுத்தபடியே கையெடுத்துக் கும்பிடுறாங்க. நர்ஸம்மா ஓடிப் போயி ஒரு நாற்காலிக்கு வெள்ளைத் துணி விரிச்சுக் கொண்டாந்து போட்டுது. இவ கட்டில்ல கெடக்கா, அவர் நாற்காலியில இருக்கார். நான் பக்கத்துல நிக்கிறேன். இவ கேக்காம விட்டுருவான்னு நெனச்சேன்.

"தர்சினி தூங்கிக்கிட்டா இருந்துச்சு?"ன்னா.

அவர் நிலத்தப் பாத்துக்கிட்டே சொன்னார். அதுல ஒரு வார்த்தை சிங்களம் இல்ல டீச்சர். சின்னப் புள்ளையில பேசுன அதே தமிழ். "இல்லம்மா. அக்கா கூப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு. மண்ணுக்கு உள்ள இருந்து. நான் தோண்டினேன். ரொம்ப நேரம் கூப்பிட்டுச்சும்மா."

ரொம்ப நேரம்னு அவர் சொன்னது தப்பு. ரொம்ப நேரமெல்லாம் இல்ல. கொஞ்ச நேரம்தான். எனக்குக் கேக்கலன்னு சொன்னேன்ல, ஒரு கணக்குக்குச் சொல்றேன்.

இவ கேட்டா, "யாரக் கூப்பிட்டுச்சு?"

"உன்னையத்தாம்மா."

உபாசிகா அம்மான்னு சொல்லல. உன்னையன்னுதான் சொன்னார். இவ அழுதா. அந்த மாதிரி அவ அழுது நான் பாத்ததே இல்ல. மலை சரிஞ்ச அன்னைக்குக்கூட அழல, தூங்கிக்கிட்டுத்தான் இருந்தான்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சவ. வாயப் பொளந்து, ஊரே கேக்குற மாதிரி, "வந்துட்டேன்டி தங்கம், வந்துட்டேன்டி"ன்னு கத்துறா. நர்ஸம்மா ஊசியோட ஓடியாந்துச்சு. இவர் கையக் காட்டி நிறுத்திட்டார். பக்கத்துலயே இருந்தார். தொடக் கூடாது, பொம்பளைய அவங்க தொட மாட்டாங்க. ஆனா நாற்காலிய விட்டுட்டு நிலத்துல உக்காந்தார், கட்டில் காலோரமா. அப்பிடி உக்காரக் கூடாது, எல்லாரும் பாக்குறாங்க, எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

அழுது ஓஞ்சதும் அவன்கிட்டக் கேட்டா, "இத இத்தனை வருசமா நீ ஒருத்தனே வச்சிருந்தியாடா?" அவர் தலைய ஆட்டினார். "அப்பா எங்க இருந்தாரு அப்ப?"ன்னா.

"பக்கத்துல இருந்தாரும்மா."

அதச் சொல்லணுமா டீச்சர்? கேட்டதுக்கு மட்டும் சொல்லுவேன்னார்ல, இதையும் கேட்டா, சொல்லிட்டார். அவ என்னையப் பாத்தா. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா.

அப்பறம் சாகுற வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. கஞ்சி கொண்டு போவேன், நர்ஸம்மா கையால குடிப்பா. இவர் தெனமும் வந்து பக்கத்துல உக்காந்திருந்தார். ரெண்டு பேரும் தர்சினியப் பத்தியே பேசிக்கிட்டு இருப்பாங்க. அது சின்னதுல பால் பல்லு விழுந்த கதை, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல டான்ஸ் ஆடின கதை. நான் போனா நிறுத்திருவாங்க. பற்றெல்லாம் விட்டுப் போயிருச்சு அவளுக்கு, அதனாலதான் என்கிட்டப் பேசலன்னு நான் நெனச்சுக்கிட்டேன். கடைசி நேரத்துல மனசு அப்பிடி ஆகும்னு பிரசங்கத்துல கேட்டிருக்கேன். ஆனா ஒண்ணு, அவர் அந்த வார்த்தையச் சொல்லாம இருந்திருந்தா இன்னும் ஒரு மாசம் இருந்திருப்பா. உண்மைதான் அவளக் கொண்டு போச்சு. யாருகிட்டச் சொல்றது இத?

நம்ம முறைப்படிதான் அடக்கம் பண்ணினோம். அம்மாவுக்குக் கடைசி மகன்தான் எல்லாம் செய்யணும், அவர் செய்ய முடியாது. எங்க அண்ணன் மகன் செஞ்சான். இவர் ஒரு ஓரமா நின்னு பாளியில ஓதினார். எல்லாம் நிலையில்லாததுன்னு வரும் அதுல. நான் அவர் முகத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு சொட்டு இல்ல. பெருமையாத்தான் இருந்துச்சு எனக்கு. இப்பிடி ஒரு மகன்னு.

கருமாதிக்கு மறுநாள் பன்சலைக்குப் போனேன். நான் ஒத்தையா ஆயிட்டேன்ல, அங்கயே ஒரு மூலையில கெடந்து முத்தம் கூட்டுறேன், எனக்கும் ஒரு பிடி சோறு போதும்னு கேக்கலாம்னு. அவர் போதி மரத்தடியில இருந்தார். நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி அவர் கேட்டார். திரும்பவும் தமிழ்ல. "அப்பா"ன்னு கூப்பிட்டார். தாத்தான்னு இல்ல. எத்தனை வருசம் கழிச்சு.

"அப்பா, அன்னைக்கு உங்களுக்கும் கேட்டுச்சா?"

கேக்கலன்னுதான் சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? மழை சத்தம், எனக்கு ஒண்ணும் கேக்கல சாமின்னேன். அவர் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தார். மறுபடி ஒருக்கா, "சொல்லுங்கப்பா, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். நான் ஒருத்தனாத்தான் கேட்டேனான்னு தெரிஞ்சா போதும்"னார். கெஞ்சுற மாதிரி இருந்துச்சு. இல்ல சாமி, தூங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு, உங்களுக்குப் பயத்துல அப்பிடிக் கேட்டிருக்கும்னேன். நான் இன்னைக்கு மாத்திச் சொன்னா, இத்தனை வருசம் சொன்னதுக்கு என்ன மரியாதை? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.

அவர் கண்ண மூடிக்கிட்டார். தியானம்னு நெனச்சேன். ரொம்ப நேரம் காத்திருந்துட்டு, கும்பிட்டுட்டு வந்துட்டேன். அங்க தங்கிக்கிறதப் பத்திக் கேக்கவே இல்ல.

அடுத்த போயாவுக்குப் போனா அவர் இல்ல. காட்டுக்குப் போயிட்டாராம். ஆரண்யம்னு சொல்லுவாங்க, காட்டுக்குள்ள இருந்து தியானம் மட்டும் பண்றவங்க. எந்த ஆரண்யம்னு கேட்டேன். ஒண்ணுல நெலையா இருக்க மாட்டாங்க, மாறிக்கிட்டே இருப்பாங்க, யாருக்கும் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டுப் போயிருக்கார்னு சொன்னாங்க. மனசு பக்குவமானவங்க செய்யிறதுதான் அது. என்ன கோவமா இருக்கும்? அவருக்குக் கோவமே கெடையாது.

வெல்லவாய தாண்டி ஒரு ஆரண்யம் இருக்கு. அங்கதான் போறேன். போன போயாவுக்கும் அங்கதான் போனேன். அதுக்கு முந்தி மொனராகலைப் பக்கம் வேற ஒண்ணு. காலையில ஹாமுதுருமாரு காட்டுக்குள்ள இருந்து வரிசையா எறங்கி வருவாங்க. கையில பாத்திரம். தலை குனிஞ்சபடியே வருவாங்க, யாரையும் ஏறிட்டுப் பாக்க மாட்டாங்க. நாம வரிசையா நின்னு ஆளுக்கொரு கரண்டி சோறு போடணும். ஒரு வார்த்தை பேசக் கூடாது. எல்லாருக்கும் மழிச்ச தலை, ஒரே நெறத் துணி, காட்டுல இருந்து இருந்து எல்லாரும் ஒரே மாதிரி இளைச்சுக் கறுத்துப் போயி. எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்திருக்கு. ஒருத்தர் பாத்திரத்துல போடுறப்ப கை தெரியும். நெகத்தப் பாப்பேன். இவரா இருக்குமோன்னு தோணும். அடுத்தவரு கையும் அப்பிடியேதான் தோணும். அதனால எல்லாருக்கும் போட்டுருவேன்.

பற்றுன்னு நெனச்சுக்காதீங்க. அதெல்லாம் நான் எப்பவோ விட்டாச்சு. புண்ணியத்துக்குப் போறது.

கேக்கலாம்தான். உங்களுக்குச் சிங்களம் நல்லா வரும்னு தெரியுது, கண்டக்டர்கிட்டப் பேசினீங்களே. நீங்க வந்து கேட்டுச் சொல்றேங்குறீங்க, நல்ல மனசு. வாசல்ல ஒரு வயசான ஹாமுதுரு இருப்பார், அவர்கிட்டக் கேட்டாப் போதும். விமலஞானன்னு ஒருத்தர் இங்க இருக்காரான்னு. உண்டு, இல்லன்னு ஒரு நிமிசத்துல சொல்லிருவார்.

வேணாம் டீச்சர். அவங்க பொய் சொல்ல மாட்டாங்க.